காப்பீடு கேள்வி – பதில்: நாள் வாடகைக்கு விடும் வீடுகள்

சீசன் நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்தன. சொந்த வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் வாடகைக்கு விடுபவர்கள் என்னென்ன காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: கொடைக்கானலில் எங்களுக்குச் சொந்தமான மாடி வீடு இருக்கிறது. கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும் வசிக்கிறோம். மேல்தளத்தின் மூன்று அறைகளை ஆன்லைன் புக்கிங் மூலம் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கி எடுக்கச் சொன்ன வீட்டுக் காப்பீடு இன்னும் நடப்பில் உள்ளது. "சட்டப்படி வேறு எதுவும் கட்டாயம் இல்லை, இதுவே போதும்" என்கிறார் எங்கள் முகவர். அவர் சொல்வது சரியா?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: பாதி சரி. நாள் வாடகைக்கு வீட்டை விடுபவர் இன்ன காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று தனியாகச் சொல்லும் மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, அதிகபட்சம் 12 படுக்கைகள், உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்ற வரையறைகளை வைத்திருக்கிறது. உங்கள் வீடு அதற்குள் அடங்குகிறது. ஆனால் அரசிடம் பதிவு செய்வது வேறு, காப்பீடு வேறு. பதிவுச் சான்று கையில் இருப்பதாலேயே காப்பீட்டு நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று ஆகாது.

"இதுவே போதும்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வீடுகளுக்கு வழங்கிவரும் பொதுவான பாலிசி 'பாரத் கிருஹ ரக்ஷா'. உங்களுடையதும் அநேகமாக இதுவாகவே இருக்கும். தீ, மின்னல், வெடிப்பு, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு, கலவரம், பயங்கரவாதச் செயல் முதலியவற்றால் கட்டடத்துக்கு வரும் சேதத்தை இது ஈடுசெய்கிறது. தனியாகக் கேட்காவிட்டாலும், கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு வரை, 10 லட்சம் ரூபாய்க்கு மிகாமல், பொதுவான வீட்டுப் பொருட்களும் இதில் சேர்ந்துவிடும். மலைப்பகுதி வீட்டுக்கு மண்சரிவும் உள்ளடங்கிய பாலிசி என்பது சிறிய விஷயமல்ல. ஆனால் இவ்வளவும் 'குடியிருக்கும் வீடு' என்ற அடிப்படையில் கணக்கிட்ட பிரீமியத்துக்குத் தரப்படும் பாதுகாப்பு. நீங்கள் கையெழுத்திட்ட முன்மொழிவுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு எதிரே 'குடியிருப்பு' என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். கடன் வாங்கிய நாளில் அது உண்மை. இன்று அது பாதி உண்மைதான். பயன்பாடு மாறினால் அதை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியது பாலிசிதாரரின் கடமை. முகவரின் காதில் போட்டுவைத்தது தெரிவித்ததாகக் கொள்ளப்படாது.

தீ விபத்தோ மண்சரிவோ நேர்ந்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்போது, நீங்கள் சொல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். உங்கள் வீட்டின் படங்களும், ஓர் இரவுக்கு எவ்வளவு என்ற கட்டணமும், "அறையிலேயே கணப்பு வசதி இருந்தது, அருமை" என்று விருந்தினர் எழுதிய பாராட்டும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கின்றன. வாடகைக்கு விட்ட செய்தியை மறைத்ததாக அவர் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டால், கீழ்த்தளத்தில் நீங்கள் குடியிருந்த பகுதிக்கான இழப்பீடும் சேர்ந்தே சிக்கலில் மாட்டும்.

ஆகவே பாலிசியை வழங்கிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பாலிசி எண், எந்தத் தேதியிலிருந்து அறைகளை வாடகைக்கு விடுகிறீர்கள், எத்தனை அறைகள், அதிகபட்சம் எத்தனை பேர் தங்குவார்கள், அவர்களுக்குச் சமைத்துத் தருகிறீர்களா, கணப்பு உண்டா, நீங்களும் அங்கேயே வசிக்கிறீர்களா என்பவற்றை உள்ளதை உள்ளபடி குறிப்பிடுங்கள். இந்தப் பயன்பாட்டை ஏற்று எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்யும் திருத்தக் குறிப்பு) தர இயலுமா, இல்லையென்றால் எந்த பாலிசிக்கு மாற வேண்டும் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பாலிசியில் வங்கியின் பெயரும் இருப்பதால் வங்கிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். சில நிறுவனங்கள் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு அதே பாலிசியில் தொடர அனுமதிக்கும். சில நிறுவனங்கள் சிறு தொழில்களுக்கான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசிக்கு மாறச் சொல்லும். ஓரிடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு உரியது அது.

அப்படி மாறும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு பாலிசியில், காப்பீட்டுத் தொகை குறைவாக இருந்தது என்பதற்காக இழப்பீட்டை விகிதப்படி வெட்டும் விதி நீக்கப்பட்டிருக்கிறது. தொழில் பாலிசியில் 15 விழுக்காடு வரையிலான குறைவுக்கு மட்டுமே விலக்கு உண்டு. மீண்டும் கட்ட 60 லட்சம் ஆகும் கட்டடத்தை 40 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்து, 9 லட்சத்துக்குச் சேதம் ஏற்பட்டால், கைக்கு வருவது 6 லட்சமாகத்தான் இருக்கும். எனவே பழைய தொகையை அப்படியே படியெடுத்து எழுதாதீர்கள். மனையின் விலையைச் சேர்க்க வேண்டியதில்லை. இன்றைய கூலிக்கும் பொருள் விலைக்கும் அதே கட்டடத்தை மறுபடி எழுப்ப என்ன ஆகுமோ அதுவே கணக்கு. மலைக்கு மணலும் கம்பியும் ஏற்றிச் செல்லும் செலவையும் மறக்க வேண்டாம்.

2025 செப்டம்பரில் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி நீங்கிவிட்டதே என்று நினைப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த விலக்கு தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் உரியது. கட்டடக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு வரி தொடர்கிறது.

கேள்வி: புதுச்சேரியில் கடற்கரைக்கு அருகே உள்ள வீட்டை ஏர்பிஎன்பி மூலம் வாடகைக்கு விடுகிறேன். அந்நிறுவனமே கோடிக்கணக்கில் பாதுகாப்பு தருவதாகச் சொல்கிறது. நான் தனியாகக் காப்பீடு எடுப்பது வீண் செலவுதானே?
— வாசகர், புதுச்சேரி

பதில்: வீண் செலவல்ல. 'ஏர்கவர்' என்ற பெயரில் அந்நிறுவனம் தருவதாக அறிவித்திருப்பதில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, விருந்தினர் வீட்டுக்கும் பொருளுக்கும் விளைவிக்கும் சேதத்துக்கு 30 லட்சம் அமெரிக்க டாலர் வரையிலான உறுதி. மற்றொன்று, விருந்தினர் காயமடைந்து உங்கள் மீது சட்டப்படி பொறுப்பு விழுந்தால் 10 லட்சம் டாலர் வரையிலான பொறுப்புக் காப்பீடு. முதலாவது காப்பீட்டு பாலிசியே அல்ல என்பதை அந்நிறுவனமே தன் விதிமுறைகளில் சொல்லியிருக்கிறது. அது அவர்கள் தரும் வாக்குறுதி. தருவதும் மறுப்பதும் அவர்களுடைய விதிமுறைகளைப் பொறுத்தது.

விருந்தினர் வெளியேறிய 14 நாட்களுக்குள் படம், பில், பழுதுபார்ப்பு மதிப்பீடு ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். புழக்கத்தால் ஏற்படும் தேய்மானத்துக்குப் பணம் கிடைக்காது. அவர்கள் தளத்தின் வழியாக வந்த புக்கிங்குக்கு மட்டுமே எல்லாம் பொருந்தும். சென்ற ஆண்டு வந்து தங்கிப்போனவர், இவ்வாண்டு உங்கள் கைப்பேசிக்கே அழைத்து "கமிஷன் எதற்கு, நேரடியாகவே வந்துவிடுகிறேன்" என்று வந்தால், அந்த நாட்களுக்கு உங்களுக்கு ஏர்கவரும் இல்லை, வேறு காப்பும் இல்லை. புதுச்சேரியில் பாதிப் பேர் இப்படித்தான் நடத்துகிறார்கள் என்று தோன்றுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த உறுதி விருந்தினர் செய்த சேதத்துக்கு மட்டுமே என்பது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் உங்கள் ஊருக்கு அருகே கரையைக் கடந்தபோது வீட்டுக்குள் நின்ற தண்ணீருக்கு எந்த விருந்தினரும் காரணமல்ல. கடலோர வீட்டின் பெரிய ஆபத்து புயலும் வெள்ளமும்தான். அதற்கு இங்குள்ள நிறுவனத்தின் பாலிசி வேண்டும். விருந்தினர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடப்பில் இருக்க வேண்டும்.

கேள்வி: காரைக்குடிக்கு அருகே எங்கள் பூர்வீக வீட்டின் முன்பகுதியைச் செப்பனிட்டு, செட்டிநாட்டு வீட்டில் தங்க விரும்புபவர்களுக்கு விட்டு வருகிறோம். சென்ற மாதம் தங்கிச் சென்றவர்கள் போன பிறகு பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றையும் பழைய தஞ்சாவூர் ஓவியம் ஒன்றையும் காணவில்லை. காப்பீட்டு நிறுவனம், திருட்டுக் காப்பீடு இருந்தும், இழப்பீடு தர முடியாது என்கிறது. இது நியாயமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: நியாயமா என்பதை விட்டுவிடுவோம், பாலிசி வாசகத்தின்படி அவர்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. நம் நாட்டில் பரவலாக விற்கப்படும் திருட்டுக் காப்பீடு, பூட்டை உடைத்தோ சன்னலைப் பெயர்த்தோ பலவந்தமாக உள்ளே நுழைந்து, அல்லது அப்படி வெளியேறிச் செய்யும் களவுக்கானது. நுழைந்ததற்கான தடயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதோடு, வீட்டில் முறைப்படி தங்க அனுமதிக்கப்பட்ட ஒருவரோ, வேலைக்கு இருப்பவரோ, குடும்பத்தாரோ சம்பந்தப்பட்ட களவு பொருந்தாது என்ற விலக்கும் அதிலேயே இருக்கும். நீங்களே சாவியைக் கொடுத்து, பெட்டியை இறக்கி உள்ளே வைத்து வரவேற்ற விருந்தினர் அந்த விலக்குக்குள் நேராகப் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

தீ விபத்துக் காப்பீட்டில் திருட்டுக்கு இடமே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. தீ, வெள்ளம் போன்ற விபத்து நேர்ந்த ஏழு நாட்களுக்குள், அதன் தொடர்ச்சியாக நடக்கும் திருட்டுக்கு மட்டும் அது ஈடு தருகிறது. உங்களுக்கு அதுவும் உதவாது.

செய்யக்கூடியவை இவை. புதுப்பிக்கும்போது, பலவந்தமின்றி நடக்கும் களவையும் சேர்க்கும் நீட்டிப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால், விருந்தினர் செய்யும் களவும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பல சமயம் நீட்டிப்பைக் கொடுத்துவிட்டு அந்த விலக்கை மட்டும் அப்படியே விட்டுவைப்பார்கள். ஓவியம், வெள்ளிப் பாத்திரம், பழம்பொருள் ஆகியவை பொதுவான வீட்டுப் பொருட்களில் சேராது. அவற்றை மதிப்பீட்டாளரின் சான்றோடு, படத்தோடு, ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொண்ட மதிப்பு என்று தனிப்பட்டியலாகச் சேர்க்க வேண்டும். அதுவரை மதிப்புள்ளவற்றை இரண்டாம் கட்டுக்குள் வைத்துப் பூட்டி, முகப்பிலும் பட்டாலையிலும் போனால் போகட்டும் என்று விடத்தக்கவற்றை மட்டும் வையுங்கள். விருந்தினரிடம் முன்வைப்புத் தொகை வாங்குவது பற்றிப் பலருக்குக் கூச்சம் இருக்கிறது; பட வேண்டியதில்லை. போன பொருட்களுக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புக்கிங்கின்போது பெற்ற அடையாளச் சான்றின் நகலையும் இணைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பர்மா தேக்குத் தூண்களும், சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்களும், ஆத்தங்குடிக் கற்களும் கொண்ட வீட்டைச் சதுர அடிக்கு இவ்வளவு என்ற வழக்கமான கட்டுமானச் செலவில் மதிப்பிட்டுக் காப்பீடு செய்திருந்தால், வீட்டின் ஒரு பகுதி எரிந்தால்கூட அதே தரத்தில் திரும்பக் கட்ட அந்தப் பணம் போதாது. இவ்வகை வீடுகளில் வேலை செய்து பழகிய பொறியாளரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதைக் காப்பீட்டு நிறுவனம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் ஹோம்ஸ்டேயில் தங்கிய பெங்களூருவைச் சேர்ந்த ஒரு பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவச் செலவைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 'தங்குபவர்களின் பாதுகாப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று வரவேற்பறையிலேயே பலகை வைத்திருக்கிறோம். இது போதாதா? இதற்கென்று காப்பீடு உண்டா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: பலகையை நம்பியிருக்க வேண்டாம். கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவரைத் தங்க வைத்தால், அவர் விஷயத்தில் நியாயமான கவனம் எடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு வந்துவிடுகிறது. கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால் பலகை அதைத் துடைத்துவிடாது. இதற்கு நெருக்கமான ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1998இல் டெல்லியின் ஒரு நட்சத்திர விடுதிக்கு வந்தவர், காரை நிறுத்திவைக்கச் சொல்லி விடுதி ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார். திரும்ப வந்தபோது காரை வேறு யாரோ ஓட்டிச் சென்றிருந்தார்கள். 'வண்டி உரிமையாளரின் பொறுப்பில்தான் வண்டி நிறுத்தப்படுகிறது' என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை விடுதி காட்டியது. தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து அந்த வரியைக் காட்டி விடுதி தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறிய ஹோம்ஸ்டேக்கும் நட்சத்திர விடுதிக்கும் எதிர்பார்க்கப்படும் கவனத்தின் அளவு மாறலாம். கடமையே இல்லை என்று ஆகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி அவர் தாம் வசிக்கும் பெங்களூருவிலேயே புகார் தொடுக்கலாம் என்பதால், நீங்கள் அங்கே போய் வர வேண்டியும் வரலாம்.

இதற்கான காப்பீட்டின் பெயர் பொதுப் பொறுப்புக் காப்பீடு. பெயரைக் கேட்டதும் சிலர் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைத்துக்கொண்டு, "அது கட்டாயமாயிற்றே, எடுக்காவிட்டால் அபராதமாமே" என்று பயப்படுகிறார்கள். அந்தச் சட்டம் போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, அபாயகரமான பொருட்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்காக வந்தது. உங்களுக்குத் தேவையானது தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கு உரிய, விருப்பத்தின்பேரில் எடுக்கும் பாலிசி. விருந்தினர் போன்ற வெளியாருக்கு ஏற்படும் காயம், மரணம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு நீங்கள் சட்டப்படி தர வேண்டியிருக்கும் தொகையையும், நிறுவனத்தின் சம்மதத்தோடு செய்யும் வழக்குச் செலவையும் அது ஏற்கும். ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் அதில் இருக்கும். உணவால் ஏற்படும் கேடு, நீச்சல் குளம் போன்றவற்றுக்கு நீட்டிப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் காலையில் இட்லி கொடுத்தாலும் உணவு நீட்டிப்பு தேவை. மலைப்பிரதேசத்தில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பதும், காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் பொருத்துவதும் உயிரைப் பறிக்கக்கூடியவை. முன்மொழிவுப் படிவத்தில் கணப்பு, கீசர் விவரங்களை மறைக்காதீர்கள். அதைவிட, அவற்றை மாற்றிவிடுவது நல்லது.

இந்த பாலிசிகள் பெரும்பாலும் 'கோரிக்கை வரும் காலத்தில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும்' என்ற அடிப்படையில் அமைந்தவை. சீசனுக்கு மட்டும் எடுத்துவிட்டு மழைக்காலத்தில் விட்டுவிட்டால், மே மாதம் விழுந்தவர் நவம்பரில் நோட்டீஸ் அனுப்பும்போது கையில் எதுவும் இருக்காது. ஏற்கெனவே நேர்ந்துவிட்ட இந்த விபத்துக்கு இனிமேல் எடுக்கும் பாலிசி பயன்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோட்டீஸுக்கு ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள்.

பாலிசி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம்மவர்கள் மனம் கேட்காமல், "எங்கள் தப்புதான், செலவு எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது அநேகமாக எல்லாப் பொறுப்புக் காப்பீட்டிலும் உள்ள நிபந்தனை. அடிபட்டவரை உடனே மருத்துவமனையில் சேருங்கள், துணைக்கு இருங்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். இழப்பீடு என்ற பேச்சை மட்டும் நிறுவனத்துக்குத் தகவல் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றால் ஒரு வாரத்து புக்கிங் முழுவதும் ரத்தாகிவிடுகிறது. வீட்டு பாலிசியில் 'வாடகை இழப்பு' என்று இருக்கிறதே, அதில் கேட்கலாமா?
— வாசகர், குன்னூர்

பதில்: கேட்க முடியாது. உங்கள் கட்டடமே காப்பீட்டில் சொன்ன விபத்தால் சேதமடைந்து, குடியிருக்கத் தகுதியற்றுப் போன காலத்துக்குத்தான் அந்தத் தொகை. சாலை மூடப்பட்டதும், அரசின் கட்டுப்பாட்டால் கூட்டம் குறைந்ததும் அதில் வராது. தொழில் பாலிசியோடு எடுக்கும் லாப இழப்புக் காப்பீடும் சொத்துச் சேதத்தைத் தொடர்ந்தே வேலை செய்யும்.

கேள்வி: விருந்தினருக்கு வீட்டு சிலிண்டரிலேயே சமைத்துத் தருகிறோம். கேஸ் கம்பெனியின் காப்பீடு தானாகவே இருக்கிறது என்கிறார்களே?
— வாசகி, ஏற்காடு

பதில்: இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டின் கீழ், சிலிண்டர் விபத்தில் மரணம் நேர்ந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாயும், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வீதம் ஒரு விபத்துக்கு 30 லட்சம் வரையிலும், பதிவு செய்த முகவரியில் ஏற்படும் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரையிலும் தரப்படுகிறது. ஆனால் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வணிகத்துக்குப் பயன்படுத்துவது விதிமீறல். கட்டணம் வாங்கிச் சமைப்பதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர் இணைப்பு பெற வேண்டும். விதிமீறலோடு நடந்த விபத்தில் இந்தக் காப்பீடும் உங்கள் சொந்த பாலிசியும் இரண்டுமே தகராறுக்கு உள்ளாகும். ஹோஸ் குழாயைக் காலாவதி தேதிக்குள் மாற்றி, பில்லை வைத்திருங்கள்.

கேள்வி: வேளச்சேரியில் ஒரு ஃபிளாட்டை மாத வாடகைக்கு எடுத்து, மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறேன். கட்டடத்துக்கு நான் காப்பீடு எடுக்க முடியுமா?
— வாசகர், சென்னை

பதில்: கட்டடம் உங்களுடையது அல்ல என்பதால் அதற்குக் காப்பீடு எடுக்க வேண்டியவர் உரிமையாளர். நீங்கள் வாங்கிப் போட்ட கட்டில், மெத்தை, ஏசி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கும், உங்கள் பொறுப்புக்கும் நீங்கள் எடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: உரிமையாளருக்கு இது தெரியுமா? எழுத்து மூலமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவது, 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி உங்களை வெளியேற்றப் போதுமான காரணம். அவருக்குத் தெரியாமல் நடந்தால், அவர் 'குடியிருப்பு' என்று எழுதிக் கட்டிவரும் பிரீமியமும் உங்களால் பயனற்றுப் போகும். அந்த இழப்பை அவர் உங்களிடம்தான் கேட்பார். சம்மதக் கடிதத்தில் நாள் வாடகை என்பது வெளிப்படையாக இருக்கட்டும். அடுக்ககச் சங்கம் முழுக் கட்டடத்துக்கும் ஒரே பாலிசி வைத்திருந்தால் அவர்களுக்கும் தகவல் போக வேண்டும்.

கேள்வி: கொடை ரோடு ரயில் நிலையத்திலிருந்து விருந்தினரை என் சொந்தக் காரிலேயே அழைத்து வந்து, டீசலுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொள்கிறேன். தவறா?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: தவிர்த்துவிடுங்கள். வெள்ளைப் பலகைக் காரின் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படித்தால், வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஓட்டுவது விலக்கப்பட்டிருப்பது தெரியும். டீசலுக்கு என்று நீங்கள் சொல்வதைக் கட்டணம் என்று நிறுவனம் வாதிடும். கைப்பேசிப் பணப்பரிமாற்றப் பதிவு ஒன்று போதும். மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் உங்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. உங்கள் காரின் சேதத்துக்கோ எதுவும் வராது. சுமார் 80 கிலோமீட்டர் மலைச்சாலை அது. மஞ்சள் பலகை வண்டிக்காரர் ஒருவரின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சான் ஃபிரான்சிஸ்கோவில் வசிக்கும் என் மகள் வீட்டின் ஓர் அறையை இப்படி விட நினைக்கிறாள். அங்கேயும் காப்பீடு அவரவர் விருப்பம்தானா?
— வாசகர், திருச்சி

பதில்: இல்லை. அந்நகரத்தின் விதிப்படி, பதிவு செய்பவர் குறைந்தது 5 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். அதற்கு நிகரான காப்பீட்டைத் தரும் தளத்தின் வழியாகவே எல்லா புக்கிங்கும் வந்தால் அதுவும் ஏற்கப்படும். ஸ்காட்லாந்திலும் கட்டடக் காப்பீடும் பொதுப் பொறுப்புக் காப்பீடும் உரிமத்துக்கான கட்டாய நிபந்தனைகள். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் விதி மாறுவதால், உங்கள் மகள் நகராட்சியின் விதியையும் தம் வீட்டு பாலிசியின் வாசகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: பயன்பாட்டை முறையாக அறிவித்து எண்டார்ஸ்மென்டும் வாங்கிய பிறகும், மின்கசிவுத் தீ விபத்துக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுத்துவிட்டது. தொழில் சார்ந்த பாலிசி என்பதால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது என்கிறார்களே?
— வாசகி, ஊட்டி

பதில்: போகலாம். குறைதீர்ப்பாளருக்கான 2017ஆம் ஆண்டு விதிகள் தனிநபர்களோடு, தனி உரிமையாளர் நடத்தும் தொழில்களுக்கும் குறுந்தொழில்களுக்கும் வழங்கப்பட்ட பாலிசிகளையும் ஏற்கின்றன. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கும், புதுச்சேரி நகரத்துக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு ஏற்பில்லை என்றால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. ஆனால் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அவர் புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால், முதலில் இவரிடம் போங்கள். எண்டார்ஸ்மென்டின் நகல், நீங்கள் எழுதிய அறிவிப்புக் கடிதம், அதன் தபால் ஒப்புகை, தீயணைப்புத் துறையின் அறிக்கை, சர்வேயர் அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகல் உங்களுக்குத் தரப்படாமல் இருந்தால், கேட்டு வாங்கிய பிறகே புகாரை எழுதத் தொடங்குங்கள்.